ஆய்வுக் கட்டுரை வெளியீடு: காசு கட்டும் வழியும் கட்டாத வழிகளும்

பேப்பரை ஏற்றுக்கொண்டோம் என்று ஜர்னலிலிருந்து மெயில் வந்த ஓரிரு நாளில் இன்னொரு மெயில் வரும். அதில் ஒரு லிங்க், உள்ளே ஒரு படிவம். ஓப்பன் ஆக்சஸாக, அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிடலாமா, சந்தா முறையிலா என்று கேட்டிருப்பார்கள். முதலாவதைத் தொட்டால் தொகை தெரியும். நடுத்தரமான ஜர்னல், 2,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 2,12,500 ரூபாய். இந்திய முகவரி கொடுத்தவுடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்: 38,250 ரூபாய். ஆக மொத்தம் 2,50,750. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி பிடிக்கும் கட்டணம் தனி. ஜேஆர்எஃப் வாங்கும் ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். கிட்டத்தட்ட ஏழு மாத உதவித்தொகை, ஒரே ஒரு பேப்பருக்கு.

இரண்டாவதைத் தொட்டால் ஒரு பைசா கிடையாது. அதே ஜர்னல், சக ஆய்வாளர்கள் படித்துச் சரிபார்க்கும் அதே ரிவியூ, கட்டுரைக்கு அடையாளமாகத் தரும் அதே டிஓஐ எண். ஆனால் சந்தா கட்டிய நூலகம் வழியாக வருபவர்கள் மட்டும்தான் படிக்க முடியும்.

இவை தவிர வேறு வழிகளும் இருக்கின்றன, படிவம் அவற்றைச் சொல்லாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைக்காசானாலும் சரி, பிராஜெக்ட் காசானாலும் சரி, முதல் பொத்தானை அழுத்த நியாயமான காரணம் அமைவது அபூர்வம்.

விலை எப்படி இந்த உயரத்துக்குப் போனது?

ஆய்வுக்குச் செலவழிப்பது அரசு அல்லது நிதி நல்கும் அமைப்பு. எழுதுவது ஆசிரியரும் மாணவரும். ரிவியூ செய்பவருக்குக் காசு கிடையாது. கடைசியில் அதே பல்கலைக்கழக நூலகம் அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அரிசியும் நம்முடையது, சமைத்ததும் நாம்தான், சாப்பிட உட்கார்ந்தால் டோக்கன் வாங்கி வா என்கிறார்கள். 2010இல் பெரிய பதிப்பகமான எல்செவியரின் அறிவியல் பதிப்புப் பிரிவு 100 ரூபாய் வரவுக்கு 36 ரூபாய் லாபம் பார்த்தது. ஒரு பண்டத்துக்குப் பதில் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இந்தச் சந்தையில் இல்லை. உங்களுக்கு வேண்டிய கட்டுரை ஒரு ஜர்னலில் வந்திருந்தால் அந்த ஜர்னல்தான் வேண்டும், பக்கத்துக் கடைச் சரக்கு உதவாது. விலை ஏறியதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

பணக்காரப் பல்கலைக்கழகங்களே மூச்சுத் திணறின. 2012 ஏப்ரலில் ஹார்வர்டு தன் ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஜர்னல்களுக்கு ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலர் போகிறது, சிலவற்றின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர், இரண்டு பதிப்பகங்களின் இணைய இதழ் விலை ஆறு ஆண்டில் 145 சதவீதம் ஏறியிருக்கிறது, இப்படியே ஓட்ட முடியாது என்றது. 2019 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எல்செவியரோடு பேச்சை முறித்துக்கொண்டு சந்தாவை விட்டது. ஈராண்டு கழித்து, தன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்ற ஏற்பாட்டோடுதான் மறுபடி கையெழுத்துப் போட்டது.

ஓப்பன் ஆக்சஸ் என்ற பேச்சு இதற்கு மாற்றாக வந்தது. 2002 பிப்ரவரியில் வந்த புடாபெஸ்ட் அறிக்கை இரண்டு வழி சொன்னது. எழுதியவரே தன் கட்டுரையை இணையக் களஞ்சியத்தில் போட்டுவைப்பது ஒன்று, படிக்கக் காசு கேட்காத ஜர்னல்களை நடத்துவது இன்னொன்று. இதில் பதிப்பகங்களுக்குப் பிடித்துப்போனது இரண்டாவது வழியின் ஒரே ஒரு வகை: படிப்பவரிடம் வாங்காததை எழுதுபவரிடம் வாங்கிக்கொள்வது. அதன் பெயர்தான் ஏபிசி கட்டணம். 2020 நவம்பரில் நேச்சர் இதழ் இதற்கு 9,500 யூரோ என்று அறிவித்தபோது நம் ஊரில் பலருக்கு அது அச்சுப்பிழையாகத் தெரிந்திருக்கும்.

ஒரே நாடு ஒரே சந்தா வந்த பிறகு

இந்தியாவில் இருப்பவர்கள் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜர்னல்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் இந்தத் திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழ் உள்ள சுமார் 6,300 உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு இன்ஃப்ளிப்நெட் என்ற யுஜிசியின் நூலக மையம் மூலம் கிடைக்கிறது.

இதனால் 'காசு கட்டித் திறந்துவிடாவிட்டால் நம் நாட்டில் யாரும் என் பேப்பரைப் படிக்க முடியாது' என்ற வாதம் பாதி பலம் இழந்துவிட்டது. பாதி என்று சொல்லக் காரணம், தனியார் கல்லூரிகள் இதில் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிதான் என்பதால் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாவட்டத் தலைநகரில் தனியாகப் பிராக்டிஸ் செய்யும் டாக்டர், படித்து முடித்து வேலைக்குப் போய்விட்ட மாணவர், பத்திரிகைக்காரர், யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ இருக்கும் வாசகர், இவர்களுக்கும் இல்லை. இவ்வளவு நாளாக இவர்களெல்லாம் சத்தம் போடாமல், கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். டெல்லி உயர்நீதிமன்றத்தில் எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய பதிப்பகங்கள் 2020இல் தொடுத்த வழக்கில் அதை முடக்க 2025 ஆகஸ்டில் உத்தரவு வந்துவிட்டது.

ஆகவே யார் படிக்க வேண்டும் என்று நினைத்து எழுதினீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அதுதான் உதவும்.

சந்தா ஜர்னலில் பணம் கட்டித் திறப்பது

ஹைப்ரிட் என்பார்கள். மேலே சொன்ன படிவத்தின் முதல் பொத்தான் இதுதான். இருக்கும் வழிகளில் மோசமான பேரம் இது என்பது என் எண்ணம். ஒரே ஜர்னலுக்கு நூலகம் சந்தாவும் கட்டுகிறது, நீங்கள் ஏபிசியும் கட்டுகிறீர்கள். ஜெர்மனி இதற்காகத்தான் நாடு முழுவதற்கும் சேர்த்துப் பேரம் பேசியது. 2019இல் வைலியோடு போட்ட ஒப்பந்தத்தில் கட்டுரைக்கு 2,750 யூரோ என்று கணக்கிட்டு, படிப்பதும் வெளியிடுவதும் அதற்குள்ளேயே அடங்கும்படி செய்துகொண்டார்கள். தனியாளாகப் போய் முழுத் தொகை கட்டும் நமக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. உங்கள் நிதி அமைப்பு, கட்டுரை வெளியான அன்றே திறந்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, அதற்கான பணத்தையும் தனித் தலைப்பில் கொடுத்திருந்தால் சரி, கட்டுங்கள். கொடுக்காமல் கேட்டால் மட்டும், களஞ்சியத்தில் போட்டால் போதுமா என்று ஒரு மெயில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் போதும் என்பார்கள்.

முழுக்கத் திறந்த ஜர்னலில் பணம் கட்டுவது

இங்கே சந்தாவே கிடையாது, எழுதுபவர் கட்டும் பணம்தான் வருமானம். பிளாஸ் போல லாப நோக்கில்லாமல் தொடங்கி நல்ல பெயர் எடுத்தவையும் இந்த வகைதான், தினமும் காலையில் 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று எம்.எஸ்சி. மாணவருக்கு மெயில் அனுப்புபவையும் இந்த வகைதான்.

ஏழை நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று எல்லாப் பதிப்பகமும் போட்டிருக்கும். இந்தியாவின் மொத்தப் பொருளாதாரம் பெரியது என்பதால் பெரும்பாலான பட்டியல்களில் நமக்கு அது கிடையாது. தனிநபர் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. தனியாக எழுதிக் கேட்டால் சில ஜர்னல்கள் குறைப்பார்கள். ஆனால் பேப்பரை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் எடுபடாது. வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஜர்னல்களைச் சலுகையில் தரும் ரிசர்ச்4லைஃப் திட்டத்தில் இலங்கை இருப்பதால் அங்குள்ளவர்களுக்குப் பல இடங்களில் சலுகை கிடைக்கும். கேட்டுப் பார்க்காமல் கட்டிவிட வேண்டாம்.

இந்த வகையில் உள்ள பெரிய ஆபத்து பணம் இல்லை. எத்தனை கட்டுரை ஏற்கிறோமோ அத்தனை வருமானம் என்று ஆகிவிட்டால் ரிவியூ தளர்ந்துபோகும். 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹனன் வேண்டுமென்றே ஓட்டை வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. ஆய்வாளர்களை ஏமாற்றியதாக ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் பதிப்பகம் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பானது.

ஓமிக்ஸ் கதையாவது ஊரறிந்தது. ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் விஷயம்தான் நம் ஆட்களைக் கடுமையாகத் தாக்கியது. மதிப்புள்ள பெயர், ஏற்கத்தக்க ஜர்னல்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயன்ஸிலும் இடம், 2021 ஜனவரியில் வைலி அதை 29.8 கோடி டாலருக்கு வாங்கியும் இருந்தது. 'சிறப்பிதழ்' என்ற பெயரில் வெளியாள் ஒருவரை விருந்தாளி ஆசிரியராக வைத்துக் கட்டுரைகளைக் குவிக்கும் முறை அங்கே பெருகியது. பேப்பர் விற்கும் தரகர்கள் அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். 2023 ஒரே ஆண்டில் ஹிண்டாவி 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பிறகு அந்தப் பெயரையே வைலி கைவிட்டது. நேர்மையாக எழுதிப் பணம் கட்டி அங்கே போட்டவர்களும் இன்று பயோடேட்டாவில் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதே 2023இல் எம்டிபிஐ பதிப்பகத்தின் பொதுச் சுகாதார இதழ் ஒன்று வெப் ஆஃப் சயன்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, ஜர்னலின் மதிப்பைக் காட்டும் எண்ணான இம்பாக்ட் ஃபேக்டரை இழந்தது.

அதனால் 'ஸ்கோபஸ்ல இருக்கு சார்' என்பது இன்றைய நிலவரம் மட்டுமே. உங்கள் பிஎச்டி முடியும்போதோ, இன்டர்வியூவில் உட்காரும்போதோ அது அங்கே இருக்குமா என்பது வேறு கேள்வி. பணம் கட்டித்தான் போட வேண்டும் என்றால், திறந்த ஜர்னல்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் டிஓஏஜே பட்டியலில் அந்த ஜர்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி இரண்டு ஆண்டில் எத்தனை சிறப்பிதழ் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சாதாரண இதழைவிடச் சிறப்பிதழ்களில் கட்டுரை அதிகமாக இருந்தால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

யாரிடமும் காசு கேட்காத ஜர்னல்

எழுதவும் கட்டணமில்லை, படிக்கவும் கட்டணமில்லை. டயமண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகமோ கழகமோ நூலகக் கூட்டமைப்போ செலவை ஏற்கும்.

இது முடியாத காரியம் என்று நினைப்பவர்கள் மெஷின் லேர்னிங் துறையைப் பார்க்கலாம். 2001இல் க்ளூவர் நடத்திய 'மெஷின் லேர்னிங்' இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து 40 பேர் ஒன்றாக ராஜினாமா செய்து, 'ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்' பக்கம் வந்தார்கள். இன்று அந்தத் துறையில் அதில் ஒரு பேப்பர் போட எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். எழுதுபவர் கட்ட வேண்டியது பூஜ்யம். மொழியியலில் 2015இல் 'லிங்குவா' குழு இப்படியே வெளியேறி 'குளோசா'வைத் தொடங்கியது. கணிதத்தில் திமோதி கவர்ஸ் தொடங்கிய 'டிஸ்க்ரீட் அனாலிசிஸ்' கட்டுரைகளை ஆர்க்கைவ் என்ற இலவசக் களஞ்சியத் தளத்திலேயே விட்டுவிட்டு, ரிவியூ மட்டும் நடத்துகிறது. வந்து சேரும் ஒரு கட்டுரையைக் கையாள அவர்கள் மென்பொருளுக்குக் கொடுத்தது 10 டாலர். அச்சு, காகிதம், தபால் எல்லாம் போன பிறகு செலவு இவ்வளவுக்கும் இறங்க முடியும். 2023 ஏப்ரலில் எல்செவியரின் 'நியூரோஇமேஜ்' இதழ் ஆசிரியர்கள் 40 பேருக்கு மேல் கூண்டோடு விலகியதும் 3,450 டாலர் கட்டணம் நியாயமில்லை என்றுதான்.

நம் பக்கத்திலும் பழைய மரபு உண்டு. பெங்களூரில் சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, 'பிரமாணா', 'ரெசனன்ஸ்' போன்ற தன் இதழ்களின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் தன் தளத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. இலங்கையில் 2008 முதல் இயங்கும் 'ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளமும் உள்நாட்டு இதழ்களை இப்படித் திறந்து வைத்திருக்கிறது.

குறை என்னவென்றால், எல்லாத் துறைக்கும் இது கிடையாது. பொறியியல், மருந்தியல் போன்றவற்றில் பெயர் பெற்ற டயமண்ட் ஜர்னல் கிடைப்பது கஷ்டம். கூட்டிப் பெருக்க ஆளில்லாமல் சில இதழ்கள் ஒரு வருடம் வந்து அடுத்த வருடம் நின்றுபோகும். கைடு 'கியூ1 இருக்கா?' என்று, அதாவது தரவரிசையில் முதல் கால்வாசிக்குள் வருமா என்று கேட்டால் பல இதழ்களுக்குப் பதில் இருக்காது.

சந்தா ஜர்னலில் இலவசமாகப் போட்டு, பிரதியை நாமே திறந்து வைப்பது

என் ஓட்டு இதற்குத்தான். இயற்பியல்காரர்களுக்கு இது பழக்கமான விஷயம். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்துக்குச் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் ஒரு நகல் தளமே இருந்தது. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் ஓப்பன் ஆக்சஸுக்காகப் பல்லாண்டு வாதாடியபோதும், பல்கலைக்கழகங்கள் களஞ்சியம் வைக்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்ற துறைக்காரர்கள் இதைத் திருட்டு வேலை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பயம் எங்கே நியாயம், எங்கே வீண் என்று பார்க்கலாம்.

ஒரு பேப்பருக்கு மூன்று பிரதிகள் உண்டு. முதலில் நீங்கள் அனுப்பிய வடிவம், அதுதான் ப்ரீபிரின்ட். இரண்டாவது, ரிவியூவர்கள் கேட்ட திருத்தமெல்லாம் செய்து, ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லப்பட்ட உங்கள் வேர்ட் அல்லது லேட்டெக் கோப்பு. மூன்றாவது, ஜர்னல் தன் எழுத்துருவில், லோகோ போட்டு வெளியிடும் பிடிஎஃப். காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்றாவது உங்களுடையதில்லை. அதைத்தான் நம் ஆட்கள் ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் ஏற்றுகிறார்கள். எல்செவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் ரிசர்ச்கேட் மீதே வழக்குப் போட்டன. தவிர்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

முதல் பிரதியை ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ் போன்ற தளங்களில் போடுவதைப் பெரும்பாலான ஜர்னல்கள் ஆட்சேபிப்பதில்லை. இரண்டாவது பிரதிதான் தங்கம், உள்ளடக்கத்தில் அச்சான கட்டுரைக்கும் அதற்கும் வித்தியாசம் அநேகமாக இருக்காது. சில பதிப்பகங்கள் சொந்த இணையப் பக்கத்தில் உடனே போட விடுகின்றன, நிறுவனக் களஞ்சியம் என்றால் 6 முதல் 24 மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014இலேயே தங்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு இந்த வழியைத்தான் கொள்கையாக அறிவித்தன.

பாதகங்களும் உண்டு. காத்திருக்கும் மாதங்களில் சந்தா இல்லாதவர் உங்களுக்கு மெயில் போட்டுத்தான் கேட்க வேண்டும். கேட்பவருக்கு அனுப்புங்கள், அதில் தப்பில்லை. மருத்துவத்தில் ரிவியூ ஆகாத ப்ரீபிரின்ட் செய்தியாகிவிட்டால் என்ன கூத்து நடக்கும் என்பதைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். நோயாளிகளைப் பாதிக்கும் முடிவுகள் என்றால் முதல் பிரதியை விட்டுவிட்டு இரண்டாவதுக்காகக் காத்திருக்கலாம். இன்னொன்று, தேதியைக் குறித்துவைத்து ஏற்றுகிற வேலை உங்கள் தலையில்தான். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

யாருக்கு எது?

பிஎச்டி கெடு நெருங்கியவர்கள் முதலில் தங்கள் பல்கலைக்கழக விதியைப் படிக்க வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனையை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம், பல வைத்திருக்கின்றன. பட்டியலில் உள்ள ஜர்னல்தான் வேண்டும் என்றால் அதற்குள் சந்தா முறையில் வேகமாக முடிவு சொல்பவற்றைத் தேடுங்கள். 'மூன்று வாரத்தில் அக்செப்டன்ஸ்' என்பவர்களை விடுங்கள். கைடு பணம் கட்டச் சொன்னால் யார் பணம் என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் காத்திருக்க வசதி இருக்கிறது. டயமண்ட் ஜர்னல்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டியவர்களும் இவர்கள்தான். புது மாணவர் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டுவது நியாயமில்லை.

வெளிநாட்டு நிதியில் வேலை செய்பவர்களுக்கு விதி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் கொடுத்த பணம் என்றால், 2025 ஜூலை முதல் ஏற்கப்படும் கட்டுரைகளின் இரண்டாவது பிரதியை பப்மெட் சென்ட்ரல் என்ற அதன் திறந்த களஞ்சியத்தில் கொடுத்தாக வேண்டும், காத்திருப்புக் காலம் கிடையாது. இதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

தமிழ், வரலாறு, சமூகவியல் துறைகளில் தொகை சிறியது, ஆயிரம் இரண்டாயிரம் என்று கருத்தரங்கத் தொகுப்புகளுக்கு வாங்குவார்கள். யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான யுஜிசி-கேரை நம்பி இதைக் கட்டிவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே யுஜிசி கைவிட்டு, தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. பட்டியல் போன பிறகு அந்த இரண்டாயிரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆய்வேடு எப்படியும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் திறந்துதான் கிடக்கப் போகிறது. அதிலிருந்து எடுத்து எழுதும் கட்டுரையை ஆசிரியர் குழு உண்மையில் படித்துத் திருத்தும் ஓர் இதழுக்கு அனுப்பி, வந்த பிறகு உங்கள் பிரதியைத் துறையின் தளத்திலோ ஸெனோடோ என்ற இலவசக் களஞ்சியத்திலோ போட்டுவைப்பது, சான்றிதழோடு வரும் கருத்தரங்கத் தொகுப்பைவிட அதிகம் பேர் கண்ணில் படும்.